விலை இறங்கட்டும்

இறங்குமான்னு மட்டும் என்கிட்ட கேட்காதீங்க சார். வேற என்ன வேணா கேளுங்க. கண்ட்ரோலர் ஒண்ணா ரெண்டா, டிஸ்க் போடலாமா, வாரண்டி யார் தர்றது, எல்லாத்துக்கும் பதில் சொல்றேன். ‘புது மாடல் வருதாமே, அப்ப இது விலை இறங்குமா?’ன்னு கேட்டீங்க பாருங்க, அந்த ஒரு கேள்விக்குத்தான் எனக்கு ரத்தம் கொதிக்குது. உங்க மேல கோபம் இல்ல. உட்காருங்க. மழை விடாம ரிச்சி தெருவுல இறங்கி நடக்க முடியாது. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்குங்க.

பையனுக்கா? மார்க் எடுத்தா வாங்கித் தர்றேன்னு சொல்லியிருப்பீங்க. எடுத்துட்டானா? அப்ப மாட்டிக்கிட்டீங்க.

இந்தத் தெருவுல தணிகாசலம்னா யாருக்கும் தெரியாது. ‘பொட்டி தணிகா’ன்னு கேளுங்க, ஜூஸ் கடைக்காரன்கூடக் கை காட்டுவான். கேம் கன்சோலை நாங்க பொட்டின்னுதான் சொல்லுவோம். நான் இங்க மானிட்டர் சுமக்க வந்தவன். படிச்சு வந்தவன் இல்ல, அடிபட்டு வந்தவன். ஒரு பொட்டியைக் கையில தூக்கினா, எந்த வருஷத்து மால், எத்தனை தடவை திறந்து மூடியிருக்கான், எவ்வளவுக்கு வாங்கலாம், எவ்வளவுக்குத் தள்ளலாம்னு சொல்லிடுவேன். தப்பவே தப்பாது.

பொட்டி விலைக்கு ஒரு ஜாதகம் இருக்கு சார். பொறந்த வருஷம் கிட்டப் போக முடியாது. அடுத்த வருஷம் கொஞ்சம் இறங்கும். அதுக்கடுத்த வருஷம் அதே விலையில ரெண்டு கேம் சேர்த்துத் தருவான். அப்புறம் புது ஜெனரேஷன் வருதுன்னு ஒரு பேச்சு கிளம்பும். அவ்வளவுதான், பழசு மதிப்பு மாடியிலேருந்து விழுந்த தேங்கா மாதிரி. போன ஜெனரேஷன் மாறினப்ப இது தெரியாம வட்டிக்கு வாங்கிப் பழசை அடுக்கி வச்சேன். புதுசு வந்துச்சு. அடுக்கினதெல்லாம் செங்கல்லாப் போச்சு. என் வண்டி போச்சு, சம்சாரத்தோட தாலிச்செயின் போச்சு. அன்னைக்கு முடிவு பண்ணேன். புதுசு வரப்போகுதுன்னு காதுல விழுந்தா பழசைத் தொடக்கூடாது. பொறு. யார் என்ன அவசரப்படுத்தினாலும் பொறு.

அவசரப்படுத்துறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும் சார், தினமும் நானே பண்றேன். ‘கடைசி பீஸ் சார், இன்னைக்கு விட்டா கிடைக்காது, நாளைக்கு வந்து என்னைத் திட்டாதீங்க’ன்னு சொல்லுவேன். அந்தத் திரைக்குப் பின்னால முப்பது கிடக்கும். சிரிக்காதீங்க, தொழில் அது. அதனால எவனாவது என்கிட்ட வந்து ‘சீக்கிரம், சீக்கிரம்’னு சொன்னா நான் அவன் முகத்தைப் பார்க்க மாட்டேன். அவன் முதுகுக்குப் பின்னால எத்தனை கிடக்குன்னுதான் பார்ப்பேன்.

எனக்கு ஒரே பொண்ணு. கனிஷ்கா. கனின்னு கூப்பிடுவோம். நடக்க ஆரம்பிச்ச வயசுல கடைக்குத் தூக்கிட்டு வருவேன். டெமோ டிவியில கேம் ஓடும். இவ நேரா ஸ்பீக்கர் கிட்டப் போய் அது மேல உள்ளங்கையை வச்சுக்கிட்டு நிப்பா. கையை எடுக்கவே மாட்டா. வர்றவங்ககிட்டயெல்லாம் ‘பாருங்க, சவுண்ட் இன்ஜினியர் வந்திருக்காங்க’ன்னு பெருமையாச் சொல்லுவேன். சுகந்திதான், என் சம்சாரம், ஒருநாள் ‘இவளுக்குக் காது கேக்கலைங்க’ன்னா. நான் சண்டை போட்டேன். ‘என்னடி பேச்சு பேசுறே?’ன்னு தட்டைத் தூக்கி எறிஞ்சேன். தட்டு கனிக்குப் பின்னாலதான் விழுந்துச்சு. அவ திரும்பிப் பார்க்கல.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். காது டாக்டரம்மா ஒருத்தங்க. ரொம்பப் பொறுமையாத்தான் பேசினாங்க, இல்லைன்னு சொல்லல. காதுக்குப் பின்னால எலும்புக்குள்ள ஆபரேஷன் பண்ணி ஒரு சின்ன மிஷின் வைக்கணும். வெளியில காதுல மாட்டிக்க இன்னொண்ணு. வெளியில இருக்கிறதை எப்ப வேணா மாத்திக்கலாம். உள்ளே வச்சது உள்ளே வச்சதுதான்.

‘கவர்மெண்ட் திட்டத்துல இலவசமாவே பண்ணிக்கலாம். வயசு வரம்பு இருக்கு. உங்க குழந்தைக்கு இன்னும் டைம் இருக்கு, ஆனா தள்ளிப்போடாதீங்க’ன்னாங்க.

‘இலவசத்துல தர்றது எந்த மாடல் மேடம்?’

‘மாடல் பார்க்காதீங்க சார். வயசு பாருங்க. சத்தத்தைப் பழகிக்கிற வயசு இதுதான். இன்னும் ரெண்டு மூணு வருஷம் போச்சுன்னா எவ்வளவு நல்ல மிஷின் வச்சாலும் பேச்சு வர்றது கஷ்டம்.’

‘புதுசு எப்ப வருது?’

‘எதுல?’

‘இந்த மிஷின்லதான் மேடம். அடுத்த ஜெனரேஷன்.’

அந்தம்மா கண்ணாடியைக் கழட்டி மேஜை மேல வச்சாங்க. ‘வரும் சார். எப்பவும் ஏதாவது ஒண்ணு வந்துக்கிட்டேதான் இருக்கும்.’

பார்த்தீங்களா? அவங்க வாயாலயே சொன்னாங்க. புதுசு வருது. வர்றதுக்கு முன்னால பழசை என் பொண்ணு தலையில வைக்கப் பார்க்குறாங்க. ‘தள்ளிப்போடாதீங்க, டைம் போயிடும்’னு அவங்க சொல்லச் சொல்ல எனக்கு என் குரலே கேட்குது சார். கடைசி பீஸ் சார், இன்னைக்கு விட்டா கிடைக்காது. அதே ராகம்.

நான் எழுந்துட்டேன். ‘யோசிச்சுச் சொல்றோம் மேடம்’னு கதவைப் பார்த்து மெதுவா நடந்தேன். அந்த நடை எப்படின்னு உங்களுக்குத் தெரியாது, வாங்கப் பிறந்தவங்க நீங்க. வேகமாவும் போகக்கூடாது, நின்னுடவும் கூடாது. வாசலைத் தாண்டுறதுக்குள்ள எதிராளி கூப்பிடணும். எத்தனை வருஷத் தொழில், என்னைக் கூப்பிடாம விட்டவன் கிடையாது. நான் வாசல் வரைக்கும் போனேன். செருப்பை மெதுவா மாட்டினேன். உள்ளேருந்து குரல் வந்துச்சு.

அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாங்க.

திமிர் சார். வேற என்ன சொல்றது?

வீட்டுக்கு வந்து சுகந்தி ஒரே சண்டை. ‘கனி என்ன உங்க பொட்டியா? புதுசு வரட்டும், பழசு இறங்கட்டும்னு பேசுறீங்க?’

‘பொட்டியா இருந்தா நாளைக்கே வாங்கிடுவேன்டி. புடிக்கலைன்னா வித்துட்டு வேற வாங்கலாம். இது மண்டைக்குள்ள போறது. ஆயுசுக்கும் மாத்த முடியாது. அதுக்குத்தான் லேட்டஸ்டாப் பார்க்கணும்னு சொல்றேன். உனக்குப் புரியல.’

‘எனக்குப் புரியலைதான். அந்த டாக்டருக்குமா புரியல?’

‘அந்தம்மா விக்கிறவங்க. நான் வாங்குறவன்.’

‘இலவசமா விக்கிறாங்களா?’

சொல்லுங்க சார், இதுக்கு என்ன பதில் சொல்றது? பொம்பளைங்க வாய்க்கு வாய் பேசுவாங்க. இலவசம்னு ஒருத்தன் எதையாவது நீட்டினா அப்பத்தான் கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கணும். இதை இவளுக்கு யார் புரியவைக்கிறது? என் பொண்ணுக்கு எதுக்கு சார் இலவசம்? நான் என்ன கையாலாகாதவனா? என் காசுல, பெரிய ஆஸ்பத்திரியில, அன்னைக்கு எது புதுசோ அதை வைக்கிறேன்னு சொன்னேன். தப்பா?

எனக்குத் தெரியாம இவ ஒரு தடவை கனியைக் கூட்டிட்டுப் போய் எல்லா டெஸ்ட்டும் எடுத்து, ஆபரேஷனுக்கு நாளே வாங்கிட்டு வந்துட்டா. எனக்குத் தெரிஞ்சதும் போன் போட்டு வேண்டாம்னுட்டேன். பிரிஜ்ஜுல ஒட்டி வச்சிருந்தா அந்தத் தேதியை. கிழிச்சேன். கனிதான் கீழே கிடந்த துண்டுகளை எடுத்து எடுத்து என் கையில கொடுத்துச்சு, விளையாட்டுன்னு நினைச்சு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். உங்க கேள்விக்கு.

அப்பத்தான் பொட்டியில புது ஜெனரேஷன் வரப்போகுதுன்னு பேச்சு கிளம்புச்சு. இந்த வருஷம் வரும், அடுத்த வருஷம் வரும்னு ஜவ்வா இழுத்தான் கம்பெனிக்காரன். நான் கணக்குப் போட்டேன். போன தடவை என்ன விலைக்கு வந்துச்சு, அதுக்கு முந்தின தடவை என்ன விலை, ரெண்டையும் வச்சுப் பார்த்தா இந்தத் தடவை என்ன வரும்னு எனக்குத் தெரியாதா? யூடியூப்ல இருக்கிறவனெல்லாம் அதே விலையைத்தான் சொன்னான். நான் அந்த விலைக்கு புக்கிங் ஆரம்பிச்சேன். பாதி அட்வான்ஸ். கையில இருந்த பழைய பொட்டியையெல்லாம் வந்த விலைக்குத் தள்ளினேன். விழப்போற விலைக்கு எதுக்குக் கட்டிக்கிட்டு அழணும்? புதுசு வந்து இறங்கினா அதுல நிக்கிற லாபம் அப்படியே கனி காதுக்கு. அதுதான் திட்டம். ஆம்பளை போடுற திட்டம்.

எனக்கு மால் தர்ற மன்சூர் பாய் ஒருநாள் கடைக்கு வந்தார். டீயைக்கூடக் குடிக்கல.

‘தணிகா, விலை தெரியாம புக்கிங் வாங்காதப்பா. உள்ளே போடுற சிப்பு விலையெல்லாம் ஏறிக்கிட்டிருக்கு. இந்தத் தடவை நாம நினைக்கிற மாதிரி இருக்காது.’

‘பாய், பொட்டி விலை ஏறி எப்பவாவது பார்த்திருக்கீங்களா?’

‘பார்த்ததில்ல. அதனால ஏறாதுன்னு இல்லையே.’

‘உங்களுக்கு வயசாயிடுச்சு பாய். பயம் வந்துடுச்சு.’

பாவம், அவரைக்கூட அப்படிச் சொன்னேன். அவரும் வியாபாரிதானே சார்? என்னை புக்கிங் வாங்காம நிறுத்திட்டு அவர் வாங்கப் பார்க்கலாம் இல்லையா? நான் எப்படி நம்புறது?

விலை அறிவிச்ச அன்னைக்கு இந்தக் கடையில நிக்க இடமில்ல. புக்கிங் போட்ட பசங்க அத்தனை பேரும் வந்துட்டாங்க. நான் எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கி வச்சிருந்தேன். ஒரு காலேஜ் பையன் போனைப் பார்த்துக்கிட்டே இருந்தவன், ‘வந்துடுச்சு’ன்னான். எல்லாரும் கத்தினாங்க. அவன் கத்தல. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ‘அண்ணே, இது டாலர்ல போட்டிருக்கு. நம்ம காசுக்கு மாத்தினா...’ன்னு நிறுத்திட்டான்.

நான் சொன்ன விலைக்கும் வந்த விலைக்கும் நடுவுல இன்னொரு பொட்டி வாங்கலாம் சார்.

ஸ்வீட் டப்பா திறந்தபடி இருக்கு. அப்புறம் ஒருத்தன் கேட்டான். ‘அண்ணே, நீங்க சொன்ன ரேட்டுக்குத்தானே தருவீங்க?’

இன்னொருத்தன், ‘அதெல்லாம் தர மாட்டாருடா. கழண்டுக்குவாரு’ன்னான்.

என்னைப் பார்த்து! இந்தத் தெருவுல என் நாக்குக்கு ஒரு விலை இருக்கு. ‘எவன்டா அவன்? சொன்ன விலைக்குத் தர்றேன்டா. ஒரு பைசா கூடக் கேட்க மாட்டேன்’னுட்டேன். வந்துடுச்சு வாயிலேருந்து. வந்ததை முழுங்க எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் இன்னொரு கூத்து. பழைய பொட்டியோட விலையையும் கம்பெனிக்காரன் ஏத்திட்டான். எங்கயாவது நடக்குமா? கிழவன் ஆக ஆக வரதட்சணை கூடுற மாதிரி இருக்கு. நான் தள்ளிவிட்டது அத்தனையையும் வாங்கினவன் லாபத்துக்கு வித்தான், எதிர்க்கடையிலேயே, என் கண்ணு முன்னால. கனி காதுக்குன்னு ஒதுக்கி வச்சிருந்தது எல்லாம் நான் கொடுத்த வாக்குக்குப் போச்சு. ஆனா ஒரு பையன்கூட என்னை ஏமாத்துக்காரன்னு சொல்ல முடியாது. அது பெருமை இல்லையா சார்? நீங்களே சொல்லுங்க.

அப்புறம் என்ன, இறங்கிப் போனேன். என் கௌரவத்தையெல்லாம் மடிச்சு வச்சுட்டு, சரி, இலவசத்துலயே வச்சுக்கலாம், பழசா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்னு கனியைத் தூக்கிக்கிட்டு அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். கவுண்ட்டர்ல இருந்த பொண்ணு பிறந்த தேதியைப் பார்த்துச்சு.

‘வயசு தாண்டிடுச்சு சார்.’

‘எவ்வளவு தாண்டிடுச்சு?’

‘கொஞ்சம்தான். ஆனா தாண்டிடுச்சே.’

‘கொஞ்சம்தானேம்மா? ரவுண்டாப் போட்டுக்க. பார்த்தா அந்த வயசு தெரியுதா பாரு, சின்ன உடம்பு.’

‘சார், வயசுல பேரம் பேச முடியாது.’

பேச முடியாதாம். எல்லாத்துலயும் பேசலாம் சார். பேசத் தெரிஞ்ச ஆள் கவுண்ட்டர்ல இல்ல, அவ்வளவுதான். உள்ளே போய் அந்த டாக்டரம்மாவையே பார்த்தேன். கடனை உடனை வாங்கியாவது காசு கட்டி வைக்கிறேன், லேட்டஸ்ட் மாடலே போடுங்கன்னேன். அவங்க கனியை உட்கார வச்சு ரொம்ப நேரம் பார்த்தாங்க. ‘பணத்தைச் செலவு பண்ணுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். வச்சா சத்தம் கேட்கும். அது என்ன சத்தம்னு இவளுக்கு இனிமே பிரிக்க வருமான்னு உறுதி சொல்ல முடியாது. நீங்க முதல்ல வந்தப்ப நான் சொன்னது இதைத்தான்’னாங்க.

முதல் தடவை வந்தப்ப அவசரம் அவசரம்னாங்க. காசோட வந்தப்ப வேண்டாம்கிறாங்க. எது சார் உண்மை? விக்கிறவங்க ஒரே பேச்சு பேசணும் இல்லையா?

அன்னைக்கு வீட்டுக்கு வந்து சுகந்திகிட்டச் சொன்னேன். அவ அழுவான்னு பார்த்தேன், கத்துவான்னு பார்த்தேன். அடுப்பை அணைச்சா. கனியோட துணியை மட்டும் எடுத்து வச்சா. அவ அக்கா விழுப்புரம் பக்கம் இருக்காங்க. அங்க காது கேட்காத பிள்ளைங்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருக்காம், முன்னாடியே விசாரிச்சு வச்சிருக்கா. நான் வாசல்ல நின்னு, ‘போ, போ, ஒரு மாசத்துல திரும்பி வருவே’ன்னேன். கூப்பிட்டிருக்கலாம்னு நீங்க நினைக்கலாம். கூப்பிட்டா என் பேச்சுக்கு அப்புறம் என்ன மரியாதை?

இப்ப அந்தப் பள்ளிக்கூடத்துலயே சமையல் வேலை பார்க்குறா. நான் போவேன். அடிக்கடி இல்ல, கடையை விட்டுட்டு எப்படிப் போறது? போனா அங்க எல்லாரும் கையாலயே பேசுறாங்க சார். கையை ஆட்டுறதும் முகத்தைக் கோணுறதும் சிரிக்கிறதும். சுகந்தியும் கத்துக்கிட்டா. அம்மா மவ ரெண்டு பேரும் என் முன்னாலேயே மணிக்கணக்கா என்னவோ பேசிக்கிறாங்க. நான் நடுவுல புத்தன் மாதிரி உட்கார்ந்திருக்கேன்.

‘நீங்களும் கத்துக்குங்க. வாரம் ஒருநாள் பெத்தவங்களுக்குச் சொல்லித் தர்றாங்க’ன்னு சுகந்தி சொன்னா.

எனக்குத் தேவையில்ல சார். சொன்னா சிரிப்பீங்க, நான் விசாரிச்சு வச்சிருக்கேன். போன் கேமராவைக் கை முன்னால காட்டினா அது பார்த்துத் தமிழ்ல பேசிடுமாம். அப்படி ஒண்ணு தயாராகிக்கிட்டிருக்கு. முதல்ல விலை அதிகமாத்தான் இருக்கும். ஒரு ரெண்டு வருஷம். அதுக்குள்ள நான் எதுக்கு விரலை முறுக்கிக் கஷ்டப்படணும்? அது வந்து, விலையும் இறங்கட்டும், வாங்கிக்கிறேன். இதையும் சுகந்திகிட்டச் சொன்னேன். அவ என்னைப் பார்த்த பார்வை இருக்கே. கையாலயே பேசிப் பேசி அவளுக்கும் வாய் மறந்துபோச்சு போல.

போன வாரம் போயிருந்தேன். கிளம்பி வாசலுக்கு எதிர்லயே பஸ்ஸுக்கு நிக்கிறேன். கனி பள்ளிக்கூட கேட்டுலேருந்து ஓடி வந்துச்சு. மூச்சு வாங்குது. என் எதிர்ல நின்னு, கையால என்னமோ சொல்லுது. சின்ன விஷயம் இல்ல, ரொம்ப நீளமாச் சொல்லுது. கண்ணெல்லாம் கலங்கியிருக்கு. கோபமாச் சொல்லுதா, ஆசையாச் சொல்லுதா, எனக்குப் பிரிக்கத் தெரியல. சுகந்தியைப் பார்த்து, ‘என்ன சொல்றா?’ன்னேன். அவ கேட்டுக்குள்ளயே நின்னுக்கிட்டு, ‘உங்ககிட்டத்தானே சொல்றா. அவளையே கேளுங்க’ன்னுட்டா. நெஞ்சழுத்தம் பாருங்க.

நான் விடுவேனா? போனை எடுத்தேன். வீடியோ எடுத்து வச்சுக்கிட்டா, அந்த ஆப் வந்ததும் போட்டுப் பார்த்துக்கலாம் இல்லையா? இந்தச் சனியன் புடிச்ச போன் அந்த நேரம் பார்த்து ஹேங் ஆகிப்போச்சு. அதுக்குள்ள முக்கால்வாசி சொல்லி முடிச்சுட்டா. கடைசிக் கொஞ்சம்தான் விழுந்திருக்கு.

இருங்க, காட்டுறேன். உங்களுக்கு இந்தக் கை பாஷை தெரியுமா? தெரியாதா? பரவாயில்ல, பாருங்க. கடைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் காட்டுறேன், எவனுக்காவது தெரிஞ்சிருக்காதா? இதோ, என்னைக் காட்டுறா. அப்புறம் நெஞ்சுல ரெண்டு தட்டு தட்டுறா. இந்த விரலை மடக்கி மடக்கி என்னமோ கேட்குறா, கேள்விதான், புருவத்தைப் பாருங்க. அப்புறம் நிறுத்திட்டா. அப்படியே கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னுட்டா.

சத்தத்தைக் கூட்டாதீங்க சார், பிரயோஜனமில்ல. அதுல என் குரல் மட்டும்தான் இருக்கு. ‘இரும்மா, இரும்மா, அப்பா இன்னும் ஆன் பண்ணல, இரு’ன்னு.